எங்கள் ஸ்லைடுகளுக்கு ஒரு ரசீது கொடுங்கள்

ஸ்டார்ட்அப் போட்டி நடத்துகிறவர்களுக்கும், புதுத்தொழில்களுக்கு இடம் கொடுத்து வளர்க்கும் இன்குபேட்டர்களின் நிர்வாகிகளுக்கும், நடுவர் நாற்காலியில் உட்காருகிறவர்களுக்கும் ஒரு திறந்த மடல்.

வணக்கம்.

நான் திருப்பூரில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனம் நடத்தி, மூடியவன். மூடியதைச் சொல்லிப் புலம்ப இதை எழுதவில்லை. புதுத்தொழில்களில் பெரும்பாலானவை மூடத்தான் செய்கின்றன, எங்களுடையதும் மூடியது. கடனை அடைத்தோம், வேலை பார்த்த பிள்ளைகள் வேறு இடம் போய்விட்டார்கள். அந்தக் கணக்கு முடிந்தது. முடியாத கணக்கு ஒன்று உங்களிடம் இருக்கிறது.

உங்களில் ஒருவர் நடத்திய போட்டியில் நாங்கள் மேடையேறிச் சொன்ன யோசனை, பிற்பாடு அதே கூரையின் கீழ் வளர்ந்த இன்னொரு நிறுவனத்தின் பெயரில் வெளிவந்தது, விருதும் வாங்கியது. எங்களிடமிருந்து எடுத்தார்களா, தாங்களாகவே யோசித்தார்களா என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. யாருக்குமே தெரியாதபடிதான் உங்கள் ஏற்பாடு இருக்கிறது. அந்த நிறுவனத்தின் மீதோ, அந்தப் போட்டியை நடத்தியவர்கள் மீதோ பழி போட எனக்கு ஆதாரம் இல்லை, அதனால் யார் பெயரும் இங்கே வராது. என் கேள்வி அந்த ஏற்பாட்டைப் பற்றியது.

முதலில் யோசனை என்னவென்று சொல்லிவிடுகிறேன்.

பவர்டேபிள் என்றால் திருப்பூருக்கு வெளியே பலருக்குப் புரியாது. வீட்டு முன்பகுதியிலோ தகரக் கொட்டகையிலோ பத்து, இருபது தையல் மெஷின் போட்டு, பனியன் கம்பெனிகள் வெட்டிக் கொடுக்கும் துணியைத் தைத்துத் திருப்பிக் கொடுக்கும் ஜாப் ஒர்க் யூனிட். துணியும் கட்டிங்கும் கம்பெனியுடையவை. ஓவர்லாக், பேட்லாக், சிங்கர் மெஷின்களும் டெய்லர்களும் பவர்டேபிள்காரருடையவை. பீசுக்கு இவ்வளவு என்று கூலி. ஒரு வாரம் ராத்திரி வரை மெஷின் ஓடும், அடுத்த வாரம் சும்மா கிடக்கும். அதே நேரம் இரண்டு தெரு தள்ளி ஓர் ஏற்றுமதிக் கம்பெனி, கப்பல் தேதி நெருங்கிவிட்டது, தைக்க இடம் இல்லை என்று ஊர் முழுக்கப் போன் போட்டுக்கொண்டிருக்கும். காலி மெஷினையும் தேங்கிய வேலையையும் ஓர் ஆப்பில் சேர்த்து வைப்பது என்பதில் பெரிய புதுமை இல்லை. அது யாருக்கும் தோன்றும், அதற்கு நான் உரிமை கொண்டாட மாட்டேன்.

எங்கள் விஷயம் வேறு. இந்த மாதிரி ஆப்களில் வேலை செய்கிறவருக்குத்தான் நட்சத்திரம் போடுவார்கள். தையல் சுத்தமா, சொன்ன தேதிக்குக் கொடுத்தாரா என்று அவரைத்தான் எடை போடுவார்கள். நாங்கள் வேலை கொடுக்கிறவருக்கு மதிப்பெண் போட்டோம். பில் கொடுத்து எத்தனை நாளில் பணம் வருகிறது, பேசிய ரேட்டை முடிவில் குறைக்கிறார்களா, டேமேஜ் என்று சொல்லி எவ்வளவு பிடிக்கிறார்கள் என்பதையெல்லாம் கூட்டி ஒவ்வொரு கம்பெனிக்கும் ஓர் எண். வேலையை ஒப்புக்கொள்வதற்கு முன்னால் பவர்டேபிள்காரர் அந்த எண்ணைப் பார்க்கலாம்.

இது எனக்கு வானத்திலிருந்து விழவில்லை. வேலம்பாளையம் பக்கம் பவர்டேபிள் வைத்திருக்கும் ஓர் அக்கா, சுவரில் மாட்டிய மாதக் காலண்டரில் பில் கொடுத்த தேதியையும் பணம் வந்த தேதியையும் கம்பெனிவாரியாகக் குறித்து வைப்பார். வருஷம் முடிந்தாலும் அந்தக் காலண்டரைக் கழித்துப் போட மாட்டார். புது ஆர்டர் வந்தால் பழைய தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் சரி என்பார். டெய்லர்களுக்கு சனிக்கிழமை வாரச் சம்பளம் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் திங்கட்கிழமை அவர்கள் வேறொரு யூனிட்டில் உட்கார்ந்திருப்பார்கள். "ரேட்டு கொஞ்சம் கம்மியா இருந்தாலும் பரவால்லீங் தம்பி, சனிக்கெழம காசு வந்துரோணும்" என்பது அவர் வியாபாரக் கொள்கை. அந்தக் காலண்டரை ஊருக்கே பொதுவாக்கினால் என்ன என்பதுதான் எங்கள் ஸ்லைடுகளில் இருந்த ஒரே நல்ல யோசனை. அதில் அக்காவுக்குப் பாதிப் பங்கு உண்டு. ஸ்லைடிலும் அவர் பெயரைப் போட்டிருந்தோம்.

சட்டம் இல்லாத ஊரா இது என்று நீங்கள் கேட்கலாம். குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டம் 2006-லேயே பில் பணம் கொடுக்க 45 நாள் கெடு வைத்துவிட்டது. தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. 2017-ல் புகார் கொடுக்க சமாதான் என்று ஓர் இணையதளமும் வந்தது. புகார் கொடுக்கிற பவர்டேபிளுக்கு அடுத்த ஆர்டரை யார் கொடுப்பார் என்பதற்கு மட்டும் எந்தத் தளத்திலும் பதில் இல்லை. தனி ஆளாகப் புகார் சொன்னால் மாட்டிக்கொள்வார், நூறு பேரின் தேதிகள் கலந்து ஒரே எண்ணாக வந்தால் யாரும் மாட்ட மாட்டார். இவ்வளவையும் உங்கள் மேடையில் ஐந்து நிமிடத்தில் சொன்னோம்.

இனி உங்கள் பக்கம்.

உங்கள் விண்ணப்பப் படிவம் நீளமானது. பிரச்சினை என்ன, தீர்வு என்ன, அது எப்படி வேலை செய்யும், சந்தை எவ்வளவு, பணம் எப்படி வரும், இதை இன்னொருவர் ஏன் காப்பியடிக்க முடியாது என்று எல்லாவற்றையும் கேட்டிருந்தீர்கள். கடைசிக் கேள்விக்கு மட்டும் முந்நூறு வார்த்தை இடம். அதற்குக் கீழே, பொடி எழுத்தில், "சமர்ப்பிக்கப்படும் எந்தத் தகவலும் ரகசியமாகக் கருதப்படாது" என்று ஒரு நிபந்தனை. டிக் அடிக்காமல் அடுத்த பக்கம் போகாது. மேடையிலிருந்து இறங்கியதும் நடுவர் ஒருவர் கூப்பிட்டு, வேலை கொடுக்கிறவருக்கு மதிப்பெண் போடுவதுதான் இதில் சுவாரசியம், ஸ்லைடுகளை மெயிலில் அனுப்புங்கள், எங்கள் டீமிடம் காட்டுகிறேன் என்றார். அனுப்பினோம். பரிசு கிடைக்கவில்லை. பதிலும் வரவில்லை.

அப்புறம் நூல் விலை தலைக்குமேல் ஏறியது. 2022 மே மாதத்தில் திருப்பூரே உற்பத்தியை நிறுத்திப் போராடியது உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். ஆர்டர் சுருங்கியது. மதிப்பெண் குறைந்த கம்பெனிகள் எங்கள் ஆப்பில் வேலை போடுவதை நிறுத்தின. நல்ல மதிப்பெண் வாங்கியவர்களுக்கு ஆப்பே தேவைப்படவில்லை, அவர்களைத் தேடி பவர்டேபிள்கள் தாமாகவே போயின. இது யோசனைக்குள்ளேயே இருந்த முடிச்சு. அதை அவிழ்க்க இரண்டு வருஷக் காசு வேண்டும், எங்களிடம் இல்லை. மூடினோம்.

நாங்கள் மூடியபின் வந்த அந்த நிறுவனத்தின் அறிமுக விழாச் செய்தியில் "இந்தியாவிலேயே முதல்முறையாக" என்று இருந்தது. வேலை கொடுப்பவருக்கு மதிப்பெண், பில் நாள்கணக்கு, டேமேஜ் பிடித்தம், எல்லாம் இருந்தன. நான் எங்கள் யோசனையைப் பற்றிச் சொன்ன அத்தனை பேரும் ஒரே இரண்டு பதில்களைத் தந்தார்கள். ஒன்று, பொறாமை. இன்னொன்று, உங்கள் வட்டாரத்தில் மந்திரம்போல ஓதப்படுவது: ஐடியாவுக்கு மதிப்பில்லை, செய்து காட்டுவதற்குத்தான் மதிப்பு.

இரண்டாவதில் எனக்குப் பெரும்பாலும் சம்மதம்தான். அமெரிக்காவில் வெப்வேன் 1999-ல் வீட்டுக்கு மளிகை கொண்டுவரும் தொழிலைத் தொடங்கி 2001 ஜூலையில் திவாலானது. 2012-ல் வந்த இன்ஸ்டாகார்ட் அதே ஆசையை வேறு வழியில் நிறைவேற்றியது. சொந்தக் கிடங்கு கட்டாமல், இருக்கிற கடைகளிலிருந்து ஆள் வைத்து வாங்கிக் கொடுத்தது. வெப்வேன்காரர்கள் வந்து இது எங்கள் ஐடியா என்று சண்டை போட்டால் சிரிப்புதான் வரும். ஆனால் அதே கதையில் இன்னொரு பகுதி இருக்கிறது. செக்கோயா என்ற முதலீட்டு நிறுவனம் இரண்டிலுமே பணம் போட்டது. முதல் நிறுவனம் விழுந்த பாடம் அந்த முதலீட்டாளரிடம் பத்திரமாக இருந்தது, அடுத்த நிறுவனத்தை எடைபோட உதவியது. வெப்வேனில் வேலை பார்த்த மிக் மவுன்ட்ஸ், அங்கே கிடங்கில் பொருள் எடுத்துக் கட்டும் செலவு கையைக் கடித்ததைப் பார்த்துத்தான் கிவா என்ற கிடங்கு ரோபோ நிறுவனத்தைத் தொடங்கினார். 2012-ல் அமேசான் அதை 77.5 கோடி டாலருக்கு வாங்கியது. யோசனை எங்கே பிறந்தது என்பதை அவர் ஒளிக்கவில்லை. தோற்ற கம்பெனியின் பெயரைச் சொன்னதால் அவருக்கு ஒரு டாலரும் குறையவில்லை.

ஐடியாவுக்கு மதிப்பில்லை என்றால் உங்கள் படிவத்தில் அதற்கு ஏன் அத்தனை கேள்விகள்? செய்து காட்டுவதுதான் எல்லாம் என்றால் விற்பனைப் பதிவேட்டை மட்டும் கேளுங்கள், போதும். மதிப்பில்லாத பொருளை ஊர் ஊராகப் போய், விளம்பரம் கொடுத்து, மேடை போட்டு யாரும் சேகரிப்பதில்லை.

கேட்டதை வெளியே விட மாட்டோம் என்று உறுதி தரும் ரகசியக்காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட மாட்டோம் என்று நீங்கள் சொல்வதன் காரணம் எனக்குப் புரியும். ஒரே சீசனில் ஒரே மாதிரி பத்து விண்ணப்பம் வரும். பத்துக்கும் கையெழுத்துப் போட்டால் பதினோராவது ஆளுக்கு முதலீடு கொடுத்ததும் பத்து வக்கீல் நோட்டீஸ் வரும். நியாயம். ஆனால் அந்தப் பொடி எழுத்து வரி, கையெழுத்துப் போடாமல் இருப்பதோடு நிற்கவில்லை. அது எங்களிடம் இருந்த ஒரே கதவையும் சாத்துகிறது.

எப்படி என்று சொல்கிறேன். வெறும் கருத்துக்குப் பதிப்புரிமை கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 1978-ல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கிலேயே தெளிவாக்கிவிட்டது. இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவு வணிக முறைகளையும் வெறும் கணினி நிரல்களையும் கண்டுபிடிப்பாக ஏற்பதில்லை. மிச்சம் இருப்பது ஒன்றுதான்: நம்பிச் சொன்னதை நம்பிக்கை மீறிப் பயன்படுத்தினார்கள் என்ற வழக்கு. அது நம் நாட்டில் வெற்றி பெற்றிருக்கிறது. நம்பிச் சொன்ன தொடர் கருவைத் தொலைக்காட்சி நிறுவனம் தானே எடுத்துக்கொண்டது என்று சன்டயல் என்ற தயாரிப்பு நிறுவனம் தொடுத்த வழக்கில், 2003-ல் மும்பை உயர் நீதிமன்றம் தடையாணையை உறுதி செய்தது. அந்த வழி திறக்க வேண்டுமானால் சொன்னவர் அதை ரகசியமாகச் சொல்லியிருக்க வேண்டும். எதுவுமே ரகசியமில்லை என்று முதல் பக்கத்திலேயே டிக் வாங்கிவிட்ட பிறகு நீதிமன்றத்தில் என்ன பேச? வணிக ரகசியத்துக்குத் தனிச் சட்டம் வேண்டும் என்று சட்ட ஆணையம் தன் 289-ஆவது அறிக்கையில் 2024-ல் பரிந்துரைத்தது. நாளைக்கே அந்தச் சட்டம் வந்தாலும் உங்கள் டிக் பெட்டிக்கு முன்னால் அது என்ன செய்யும் என்று எனக்குச் சந்தேகம்தான்.

வழக்குப் போடுவது என் ஆசையும் இல்லை. நான் கேட்பது பதிவு.

இதில் கோடம்பாக்கம் உங்களைவிட முன்னால் போய்விட்டது. 2018 தீபாவளிக்கு வந்த 'சர்கார்' படத்தின் கதை, தான் 2007-ல் 'செங்கோல்' என்ற பெயரில் எழுத்தாளர் சங்கத்தில் பதிந்தது என்று ஓர் உதவி இயக்குநர் சொன்னார். பாக்யராஜ் தலைமையில் இருந்த சங்கம் இரண்டையும் படித்து, ஒற்றுமை இருக்கிறது என்றது. இயக்குநர் மறுத்தார். கடைசியில் சென்னை உயர் நீதிமன்றத்தில் சமரசம் ஆகி, படத்தில் அந்த உதவி இயக்குநருக்கு நன்றி சொல்லும் அட்டை வந்தது. யார் சொன்னது சரி என்று நீங்களும் நானும் டீக்கடையில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம். ஆனால் சங்கத்தின் பதிவேட்டில் தேதியோடு ஒரு கதை இல்லாவிட்டால் அந்த மனிதரை யார் உள்ளே விட்டிருப்பார்கள்? பைத்தியக்காரன் என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். பதிவேடு இருந்ததால் அவர் புகார்தாரர் ஆனார்.

வெளிநாட்டிலும் இப்படித்தான். மறைந்துபோகும் படங்களை அனுப்பும் ஆப் என்ற யோசனை, ஸ்டான்ஃபோர்டில் படித்தபோது ரெஜி பிரவுனுக்கு முதலில் தோன்றியது என்று ஸ்னாப்சாட் 2014-ல் வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. சமரசத் தொகை 15.75 கோடி டாலர் என்பது நிறுவனம் பங்குச் சந்தைக்கு வந்த 2017-ல்தான் வெளியே தெரிந்தது. எனக்கு அந்தத் தொகையைவிட அந்த ஒற்றை வாக்கியத்தின் மேல்தான் கண். பேஸ்புக் தங்கள் யோசனை என்று வழக்குப் போட்ட விங்கிள்வாஸ் சகோதரர்கள் 2008-ல் பணமும் பங்குமாக 6.5 கோடி டாலர் வாங்கினார்கள். அதற்கும் ஆதாரம் மெயில்கள்தான். டெலிபோனில் கிரகாம் பெல்லா, எலிஷா கிரேயா என்று இன்றைக்கும் சண்டை நடக்கிறதென்றால், இருவர் தாள்களும் 1876 பிப்ரவரி 14 அன்று ஒரே காப்புரிமை அலுவலகத்தில் பதிவானதால்தான். சண்டை போடுவதற்கே ஒரு பதிவேடு வேண்டியிருக்கிறது. எங்களுக்கு அதுவும் இல்லை.

பிரான்சில் சொலோ உறை என்று ஒன்று 1915 முதல் உண்டு. இரண்டு அறை உள்ள ஓர் உறை. யோசனையை இரண்டு பிரதியாக எழுதிப் போட்டு, அந்நாட்டுத் தொழிற்சொத்து அலுவலகத்துக்கு அனுப்பினால், தேதி பதித்து ஒரு பாதியை அவர்கள் வைத்துக்கொண்டு மறு பாதியைத் திருப்பித் தருவார்கள். இப்போது இணையத்திலேயே செய்யலாம், செலவும் அதிகம் இல்லை. அது எந்த உரிமையும் தராது. யாரையும் தடுக்காது. இந்தத் தேதியில் இவரிடம் இது இருந்தது என்று மட்டும் சொல்லும். நான் உங்களிடம் கேட்பது கிட்டத்தட்ட அவ்வளவுதான், அதைவிடக் கொஞ்சம்தான் அதிகம்.

ஸ்லைடு வாங்கும்போது ஒரு ரசீது கொடுங்கள். என்ன கோப்பு, எந்தத் தேதி, யார் யாருக்குக் காட்டப்பட்டது. கல்யாணத்தில் வைக்கிற மொய்க்கே நோட்டுப் போட்டு எழுதி வைக்கிற ஊர் எங்களுடையது, இருபது ஸ்லைடுக்கு ஒரு வரி எழுதுவதில் உங்களுக்கு என்ன சிரமம்? நடுவர்களில் யாருக்காவது அதே துறையில் முதலீடோ ஆலோசகர் பொறுப்போ இருந்தால் மேடையேறுவதற்கு முன்னால் எங்களுக்குச் சொல்லுங்கள். எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்பதை நாங்கள் முடிவு செய்துகொள்கிறோம். தேர்வாகாதவர்களின் ஸ்லைடுகளை எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள், எப்போது அழிப்பீர்கள் என்று படிவத்திலேயே எழுதுங்கள். உங்களால் வளர்ந்த நிறுவனம் "முதல்முறை" என்று அறிக்கை விடுவதற்கு முன்னால் உங்கள் பழைய விண்ணப்பங்களை ஒருமுறை தேடிப் பாருங்கள். இருந்தால், "இதே பாதையில் முன்பு முயன்றவர்கள்" என்று ஒரு வரி போடுங்கள். அந்தப் பொடி எழுத்து வரியையும் திருத்துங்கள். ரகசியக்காப்பு ஒப்பந்தம் செய்ய மாட்டோம் என்று எழுதுவது வேறு, நீங்கள் சொன்ன எதுவும் ரகசியமில்லை என்று எங்களிடமே எழுதி வாங்குவது வேறு.

இப்படிச் செய்தால் வழக்கு பெருகும் என்பீர்கள். குறையும் என்பது என் கணிப்பு. என் விண்ணப்பத்துக்கு ஆறு மாதம் முன்பே வேறு யாரோ இதே யோசனையை உங்களிடம் சொல்லியிருந்தால், அந்த ரசீதைப் பார்த்த அன்றைக்கே நான் வாயை மூடிக்கொண்டிருப்பேன். யாரும் யாரிடமும் எடுக்கவில்லை, காலம் கனிந்தது, பலருக்கும் தோன்றியது என்று எனக்கே புரிந்திருக்கும். இப்போது எனக்குத் திருட்டுக் கொடுத்தவன் என்ற மரியாதையும் இல்லை, வீணாகச் சந்தேகப்பட்டுவிட்டோம் என்ற நிம்மதியும் இல்லை. அந்த நிறுவனத்து இளைஞர்களுக்கும் இது நல்லதில்லை. அவர்கள் நேர்மையாகவே யோசித்திருந்தால், என்னைப் போன்ற ஒருவன் டீக்கடையில் உட்கார்ந்து பேசுகிற பேச்சிலிருந்து அவர்களைக் காப்பாற்றவும் உங்களிடம் ஒரு தாள் இல்லை.

பெயருக்கு ஆசைப்படுகிறான் என்று நினைத்தால் நினையுங்கள். பெயருக்கு ஆசை இருக்கிறது, இல்லாமல் என்ன? ஆனால் பெயர் மட்டும் விஷயம் இல்லை. அந்த நிறுவனத்தின் ஆப் இப்போதும் ஓடுகிறது. பெரிய கம்பெனிகள் வாடிக்கையாளர்களாக வந்தபின் அந்த மதிப்பெண் பவர்டேபிள்காரர்களின் திரையிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. கடன் கொடுக்கிற நிறுவனங்களுக்கு மட்டும் கட்டணத்துக்குக் காட்டுகிறார்கள். தொழிலாகப் பார்த்தால் கெட்டிக்காரத்தனம்தான், எங்களை மூடவைத்த அந்த முடிச்சை அவர்கள் இப்படி அவிழ்த்துவிட்டார்கள். ஆனால் தேதிகளைக் கொடுப்பது பவர்டேபிள்கள், அதைப் பார்க்க முடியாததும் பவர்டேபிள்கள்தான். வேலம்பாளையத்து அக்கா தன் காலண்டரிலேயே தொடர்ந்து எழுதிக்கொண்டிருக்கிறார். இந்த யோசனை யாருக்காகப் பிறந்தது என்று கேட்க ஓர் ஆள் வேண்டுமானால், அது எங்கிருந்து வந்தது என்று எங்காவது எழுதியிருக்க வேண்டும். விருது கொடுத்த மேடையில் அப்படிக் கேட்க ஒருவரும் இல்லை.

அடுத்த சீசன் அறிவிப்பு வரும் நேரம் இது. கோவையிலும் சென்னையிலும் மதுரையிலும் கல்லூரிப் பிள்ளைகள் ராத்திரி முழித்து ஸ்லைடு போட்டுக்கொண்டிருப்பார்கள். படிவத்தை மாற்ற உங்களுக்குச் சட்டமும் வேண்டாம், நிதியும் வேண்டாம், ஒரு மாலை நேரக் கூட்டம் போதும்.

எங்கள் விஷயத்தில் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும். அன்றைக்கு நாங்கள் மெயிலில் அனுப்பிய ஸ்லைடுகள் இன்னும் உங்கள் டிரைவில் இருக்கின்றனவா, இருந்தால் யார் யார் திறந்தார்கள்? கோப்பின் வரலாற்றைத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும். யாரும் திறக்கவே இல்லை என்றால் அதையும் எழுதி அனுப்புங்கள், அதையும் நான் வெளியே சொல்கிறேன்.

இப்படிக்கு,
மூடிய நிறுவனம் ஒன்றின் நிறுவனர்,
திருப்பூர்